சனிக்கிழமைப் பூட்டு

போன சனிக்கிழமை காலை, படுத்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஏதோ ஒரு வீடியோவுக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். வீட்டில் வேறு யாரோ இருப்பதுபோல் திடுக்கிட்டான். பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததிலிருந்து அவன் வாயைத் திறக்கவே இல்லை.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் அடிக்குழியில் இறங்கி நிற்பான். இன்னொருவன் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பான். மேலே இருப்பவன் எதையும் தொடுவதற்கு முன்னால் "இருக்கியா?" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவன் "இருக்கேன்" என்று திருப்பிக் கத்த வேண்டும். பதில் வராமல் பொத்தானில் விரல் படக் கூடாது. வாரம் முழுக்க அவனை யாராவது இருக்கியா, இருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சனி, ஞாயிறில் கேட்க ஆளில்லை.

அந்தக் காலைகளைப் போன் தின்றது. கண் விழித்ததும் கை தலையணைக்கு அடியில் போகும். யாருக்கோ கல்யாணம். யாருடைய நாயோ. யாரோ யாரையோ கிழி கிழியென்று கிழிப்பார்கள். நடுவே அக்கா போட்ட படம் ஒன்று வரும், பெரும்பாலும் பால்கனித் தொட்டியில் ஒரு செடி. அங்கே மட்டும் விரல் கொஞ்சம் நிற்கும். லைக் போடாமல் நகர்ந்துவிடும். நிமிர்ந்து பார்த்தால் வெயில் கட்டில் காலைத் தாண்டிப் போயிருக்கும்.

அக்காவோடு பேச்சு நின்று வருஷக்கணக்கில் ஆகிறது. சண்டை என்றும் சொல்ல முடியாது. தனியாக இருந்த அப்பா போய்ச் சேர்ந்தது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரிந்தது. அதுவும் தாமதமாக; தூங்குகிறார் என்றே நினைத்திருந்தாராம். நீ ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாம் என்றாள் அக்கா. நீ ஒரு போன் பண்ணியிருக்கலாம் என்றான் அவன். இரண்டும் உண்மையாக இருந்ததால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லாமல் போயிற்று.

அந்தச் சிரிப்பு வாரம் முழுக்க அவனை விடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பட்டறையை விட்டுக் கிளம்பும்போது, தன் சிவப்புப் பூட்டின் சாவியை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுப் பூட்டை மட்டும் எடுத்து வந்தான். வேலை நடக்கும்போது யாரும் போட்டுவிடாதபடி மெயின் சுவிட்சை அணைத்து அதில் மாட்டுகிற பூட்டு அது. பூட்டியவன் பையில்தான் சாவி இருக்க வேண்டும் என்பது தொழிலில் முதல் பாடம். தெரிந்தேதான் மீறினான். வீட்டுக்கு வந்து போனை இரும்புக் கருவிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டை மாட்டி அமுக்கினான். அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை வரை நிம்மதி என்று நினைத்தான்.

காலையில் கை தலையணைக்கு அடியில் துழாவிவிட்டு வெறுமனே திரும்பியது. எழுந்தான். அடுப்பைத் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தம்ளரைக் கழுவினான். ஜன்னலோரம் உட்கார்ந்தான். எதிர்வீட்டு மாடியில் ஒரு ஒற்றைக் காலுறை காய்ந்துகொண்டிருந்தது. அதையே எவ்வளவு நேரம் பார்ப்பது? குனிந்து பார்த்தால் அவன் கட்டைவிரல் மேசைப் பலகையைப் போன் திரைபோலத் தன்பாட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போது பெட்டிக்குள் மணி அடித்தது.

சைக்கிள் மணிச் சத்தம். அக்காவுக்கென்று எப்போதோ தனியாக வைத்தது. அது அடிக்கும் என்பதையே மறந்திருந்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அக்கா சும்மா கூப்பிட மாட்டாள். அவளுக்கோ அவள் வீட்டுக்காரருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும். பூட்டைப் பிடித்து இழுத்தான். முறுக்கினான். அறுக்க ரம்பம் வேண்டும். ரம்பம் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்து வீட்டில் போனை இரவல் கேட்கலாம் என்றால், அக்காவின் எண் அவனுக்கு மனப்பாடமில்லை. அதுவும் பெட்டிக்குள்தான் இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

தெருவில் இரண்டு தடவை அடித்தது. பஸ்ஸில் ஏறி மடியில் வைத்த பிறகும் விடவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, பெட்டி கூப்பிடுகிறதே, எடுக்கக் கூடாதா என்று கேட்டாள். சாவி இல்லைங்க என்றான். அந்த அம்மாள் அவனையும் பெட்டியையும் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள்.

பட்டறை வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆணியில் இருக்கும் சாவி வேண்டும் என்று இவன் மூச்சு வாங்கக் கேட்டதும், பெட்டியைப் பார்த்தார்.

"பூட்டினவன் பையிலதானே தம்பி சாவி இருக்கணும்? இது என்ன புதுக் கூத்து?"

"அண்ணே, அப்புறம் பேசிக்கலாம். எடுத்துக் குடுங்க."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். பெட்டி திறந்தபோது மணி ஓய்ந்திருந்தது. திரை முழுக்க அக்காவின் பெயர் வரிசையாக நின்றது. கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, என்னாச்சு?"

"உனக்கு என்னடா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லையே."

"புள்ளி வரல."

அவனுக்குப் புரியவில்லை. அக்கா மெல்லச் சொன்னாள். சனிக்கிழமை எழுந்ததும் போனில் அவன் பெயருக்குப் பக்கத்தில், அவன் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்ப்பாளாம். எரிந்தால் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாளாம். அப்பா போனதிலிருந்து இப்படித்தானாம். இன்றைக்கு வாஷிங் மெஷின் ஓடி முடியும்வரை பார்த்தாளாம். எரியவில்லை. தூங்குவான், விடு என்றாராம் அவள் வீட்டுக்காரர்.

"அப்பாவையும் தூங்குறார்னுதான் நெனச்சாங்க" என்றாள்.

அவன் பெட்டிமேல் உட்கார்ந்தான். வாட்ச்மேன் நகர்ந்து கேட் பக்கம் போனார்.

போனைப் பூட்டி வைத்த கதையைச் சொன்னான். சிரித்ததைச் சொல்லவில்லை. இனிமேல் சனிக்கிழமைகளில் புள்ளி வராது என்றான். நல்லதுதான், கண்ணுக்கும் நல்லது என்றாள் அக்கா.

"அப்ப எனக்கு எப்படிடா தெரியும்?"

"கூப்பிடேன்."

"கூப்பிட்டு என்ன பேசறது?"

செடியைப் பற்றி ஏதாவது கேட்கலாம் என்று தோன்றியது. அதற்குள் வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை போன் பெட்டிக்குள்ளும் சாவி சட்டைப் பையிலும் இருந்தன. பை மேல் கையை வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தம்ளரைக் கழுவ எழுந்தபோது சைக்கிள் மணி அடித்தது. திறந்து எடுத்தான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

அக்கா காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். அவள் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பக்கெட் நிறைந்திருக்க வேண்டும், சத்தம் நின்றது.

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனை உள்ளே வைத்துப் பூட்டை அமுக்கினான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். வெயில் இன்னும் கட்டில் காலுக்கு வரவில்லை.