ஒரே நம்பரில் முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர்

மூன்று நாளாக நானூற்று இரண்டு பேரைக் காணவில்லை. தேடிக்கொடுக்க வேண்டியவள் நான்.

எங்கள் நிறுவனத்துக்கு எட்டு மூக்குக்கண்ணாடிக் கடைகள். கவுன்டரில் பதிகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் ஒரே பதிவேட்டில் வந்து சேர்வார்கள். அந்தப் பதிவேடு தினமும் விடிவதற்குள் இன்னொரு மென்பொருளுக்குப் போய்ச் சேரும். யார் திரும்ப வருவார், எந்தக் கடை தேறும், எது தேறாது என்று அது கலர் கலராகப் படம் போட்டுக் காட்டும். அலுவலகத்தில் அதற்கு ஜோசியர் என்று பெயர். பதிவேட்டில் 9,412 பேர் இருக்கிறார்கள். ஜோசியரிடம் 9,010 பேர்தான் இருக்கிறார்கள். இரண்டையும் பொருத்துவது என் வேலை. பொருந்தாவிட்டால் திட்டு வாங்குவதும் என் வேலைதான், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

காலையில் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, மேலாளர் வந்து நின்றார்.

"நாலு மணிக்கு மீட்டிங்மா. பஸ் ஸ்டாண்ட் கடையை மூடுறதா வேணாமான்னு இன்னைக்கு முடிவாயிடும். ஐந்நூறு பேருக்குக் கீழ இருந்தா மூடிடலாம்னு மேல சொல்லிட்டாங்க. ஜோசியர் இருநூத்திப் பதினாலுன்னு காட்டுது."

"பதிவேட்டுல அறுநூத்தி ஒண்ணு இருக்கே சார்."

"அதான். எது நிஜம்னு சொல்லுங்க. சொல்ல முடியலன்னா ஜோசியர் சொல்றதுதான் நிஜம்."

பஸ் ஸ்டாண்ட் கடை என்றால் கவுன்டர் அக்காதான். அங்கே பதிவு, விற்பனை, கூட்டித் துடைப்பது எல்லாம் அவர் ஒருவரே. ஐம்பதைத் தாண்டியவர். கடை போனால் வேறு கவுன்டரில் அவரை உட்கார வைக்க யாரும் வரப்போவதில்லை. இது மேலாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தரைக்கு என் போன் அடித்தது. அப்பா. அவருடைய போன் ஐந்து வாரத்துக்கு முன்னால் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. புதிது வாங்கித் தருகிறேன் என்று ஐந்து ஞாயிறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவரை கீழ்வீட்டுக்காரரின் போன்தான்.

"வேலையா இருக்கியாம்மா?"

"ஆமாப்பா. தலைக்கு மேல கிடக்கு."

"சரி சரி. ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்."

வைத்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

வேலைக்கு வருவோம். முதல் சந்தேகம், பதிவேடு ஜோசியருக்குப் போய்ச் சேரும் அந்த 'சிங்க்' பாதியில் நின்றுபோயிருக்குமோ என்று. நிற்கவில்லை. தேதி மாறிப்போய் ஒரு நாள் விட்டுப்போயிருக்குமோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை. சோதனைக்காக நாங்களே போட்ட பொய்ப் பெயர்களை ஜோசியர் கழித்திருக்குமோ என்று பார்த்தேன். அவற்றைப் பல மாதங்களுக்கு முன்பே அழித்துவிட்டிருந்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் தேடியதில் மிஞ்சியது கழுத்துவலி மட்டும்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மொத்தத்தைப் பார்க்காமல் கடை கடையாகப் பிரித்தேன். மற்ற ஏழு கடைகளிலும் சேர்த்துக் குறைவது பதினைந்து பேர். அதில் ஒரு ஜோடியைத் திறந்து பார்த்தால் புருஷன் பெண்டாட்டி, இருவருக்கும் ஒரே போன் நம்பர். ஜோசியர் நம்பரை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. நம்பர் ஒன்றானால் ஆளும் ஒன்று. சரி, பதினைந்துக்குக் காரணம் கிடைத்தது. மீதி முந்நூற்று எண்பத்தேழும் பஸ் ஸ்டாண்ட் கடையில்.

அந்தக் கடையின் பட்டியலை நம்பர் வாரியாக அடுக்கினேன். ஒரே நம்பரில் முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர். கிழவர்கள், கிழவிகள், ஒரு சுமைதூக்குபவர், ஒரு காவலாளி. அத்தனை பேரும் ஜோசியர் கண்ணுக்கு ஒரே ஆள். 'மிகச் சிறந்த வாடிக்கையாளர்' என்று அந்த ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் வேறு கொடுத்திருந்தது.

எவனோ விளையாடியிருக்கிறான் என்று கோபத்தோடு அந்த நம்பரை அழைத்தேன்.

"சொல்லுங்க, கண்ணாடி ரெடியான்னு கேக்கறீங்களா?"

கவுன்டர் அக்காவின் குரல்.

"அக்கா, இது உங்க சொந்த நம்பரா?"

"ஆமா மேடம். ஏன், என்னாச்சு?"

"முந்நூத்தி எண்பத்தெட்டுப் பேருக்கு உங்க நம்பரைப் போட்டிருக்கீங்களே!"

"அவங்ககிட்ட போன் கிடையாது மேடம். நம்பர் போடலன்னா கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கம் நகரவே மாட்டேங்குது. பத்து தடவை ஒன்பதை அடிச்சுத் தள்ளலாம்னா, கண்டதைப் போடாதீங்க, வேலை செய்யுற நம்பரா போடுங்கன்னு நீங்கதான் சர்க்குலர் அனுப்பினீங்க. என் நம்பர் வேலை செய்யுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நம்பர் இல்லாமல் நகராத அந்தப் பக்கத்தைக் கட்டியவள் நான். சர்க்குலரும் நான் எழுதியது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, மற்ற ஏழு கடைகளில் போன் இல்லாதவர்களைத் துண்டுச்சீட்டில் எழுதி, பதிவேட்டில் ஏற்றாமலே விட்டிருக்கிறார்கள். ஒழுங்காக ஏற்றியவர் அக்கா ஒருவர்தான், மூடப்போவது அவர் கடையை.

"கண்ணாடி ரெடின்னு மெசேஜ் எனக்கு வரும் மேடம். நான் ஆள் விட்டோ, நேர்ல போயோ சொல்லிடுவேன். தப்பா?" குரலைத் தாழ்த்தினார். "இதனால கடையை மூடிடுவாங்களா?"

"தெரியலக்கா. பாக்கறேன்" என்றேன்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கண்ணாடிக்கூட்டில் ஒட்டுகிற வரிசை எண் ஒன்று உண்டு. போன் நம்பருக்குப் பதில் அதை வைத்து ஆளை அடையாளம் காணும்படி மாற்றி, சிங்கை முதலிலிருந்து ஓட விட்டேன். முக்கால் மணி நேரம் ஆகும். சும்மா இருக்கும் நேரத்தில் அந்த முந்நூற்று எண்பத்தெட்டுப் பேரின் பட்டியலை மேலிருந்து படித்தேன். ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அது ஜோசியருக்குப் போவதில்லை, எங்கள் அலுவலகத்திலும் யாரும் திறந்து பார்த்ததில்லை. அக்கா அதை நிரப்பி வைத்திருந்தார்.

'படி இறங்கமாட்டார், மாடிக்குப் போய்ச் சொல்லவும்.' 'எதிர்க்கடை டெய்லரிடம் சொன்னால் போதும்.' 'காது கேட்காது, எழுதிக் காட்டவும்.' 'இறந்துவிட்டார். கண்ணாடியை மனைவி கேட்டு வாங்கிப்போனார், போட்டுக்கொள்ள இல்லை, வைத்துக்கொள்ளத்தானாம்.'

முந்நூற்று நாற்பத்தோராவது வரியில் என் அப்பாவின் பெயர் இருந்தது. விலாசமும் அவருடையதுதான். கண் மங்குகிறது என்று எப்போதோ சொன்னபோது, "எங்க கடைக்கே போங்கப்பா, பக்கத்துலதானே" என்று நான்தான் சொன்னேன். போனாரா என்று கேட்கவில்லை.

'கண்ணாடி தயார், 19 நாள். கீழ்வீட்டில் சொல்லியாச்சு. ரோடு தாண்ட பயப்படுகிறார். கொண்டுவந்து தருகிறேன் என்றேன், மகளோடு வந்து போட்டுப் பார்க்க வேண்டுமாம். மகள் நம்பர் கேட்டேன். அவள் வேலையாக இருப்பாள், வேண்டாம் என்றார்.'

காலையில் 'சும்மாதான்' என்று சொன்னது இதற்குத்தான். பத்தொன்பது நாளில் எத்தனை 'சும்மாதான்' வந்தது என்று நினைத்துப் பார்த்தேன். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மூன்றே காலுக்கு சிங்க் முடிந்தது. இரண்டு பக்கமும் 9,412. மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சந்தோஷப்படவில்லை. அவர் கண்ணுக்குக் கீழும் மூன்று நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

"போனே இல்லாதவங்கம்மா. ஆஃபர் அனுப்ப முடியாது, கூப்பிட முடியாது. இவங்களை எப்படிக் கஸ்டமர்னு கணக்குல காட்டறது?"

"நாம விக்கிறது போன் இல்ல சார், கண்ணாடி. வந்தாங்க, வாங்கினாங்க, போட்டுக்கிட்டிருக்காங்க. மத்த கடையில இவங்களைப் பதியவே இல்ல. இவங்களைக் கழிச்சுட்டுப் பேசறதுன்னா, அந்த ரிப்போர்ட்ல என் பேரைப் போடாதீங்க."

நான் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு போனார்.

நாலரைக்குத் திரும்பி வந்தார்.

"கடை இருக்கும். ஆனா ஸ்டாஃப் நம்பர் அதுல இருக்கக் கூடாதாம். அந்த முந்நூத்திச் சொச்சம் பேருக்கும் சொந்தக்காரங்க நம்பர் வாங்கி மாத்தணும். நம்பரே இல்லன்னா காலியா விடற மாதிரி பக்கத்தை மாத்திடுங்க. அது உங்க வேலை."

சரி என்றேன். உட்கார்ந்து முதலில் முந்நூற்று நாற்பத்தொன்றைத் திறந்தேன். அக்காவின் நம்பரை அழித்து என்னுடையதைப் போட்டேன். சேமித்த உடனே மேசைமேல் என் போன் அதிர்ந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கண்ணாடி தயார்.' அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.

பையை எடுத்துக்கொண்டு, படியிறங்கியபடியே அக்காவை அழைத்தேன்.

"கடை இருக்கும்கா. மூடல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்லாயிருப்பீங்க மேடம்" என்றார்.

"இன்னைக்கு எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"ஏழு வரைக்கும். ஏன்?"

"பத்தொன்பது நாளா ஒருத்தர் கண்ணாடி கிடக்குதே, ரோடு தாண்ட பயப்படறவர். அவரைக் கூட்டிட்டு வர்றேன். எடுத்து வைங்க."

அக்கா டிராயரை இழுத்துத் திறப்பது கேட்டது.

"அந்த வேலையா இருக்கிற பொண்ணு நீங்கதானா மேடம்?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாக்கா, நான்தான்" என்றேன்.