செவ்வாய்க்கிழமைச் சாவி

எனக்குக் கோபம் வந்தால் ஓரிடத்தில் இருந்து கதைக்க வராது. அன்று பின்னேரமும் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் நடந்துகொண்டுதான் இவரிடம் கத்தினேன்.

இவருடைய தம்பி சிறிதரன்தான் பிரச்சினை. எழுபத்தேழு இனக்கலவரத்தில் கொழும்பில் வேலையையும் அறையையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடினவன். ஒன்றரை வருஷமாக அங்கே சும்மா இருக்கிறான். அவனை சிட்னிக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் ஃபோம் ஒரு மாதமாக எங்கள் மேசையில் கிடந்தது. என் சம்மதம் இல்லாமல் என் கணவர் வரதராஜா அதில் கையெழுத்துப் போட மாட்டார். நானோ கொழும்பில் மூன்று வருஷம் அந்தத் துரைக்குச் சமைத்துப் போட்டவள். தின்ற கோப்பையை ஒரு நாளாவது கழுவியிருப்பானா? இங்கே சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், எங்களுக்கு இருப்பதே ஓர் அறை ஃபிளாட்.

“வரவேண்டாம். வரவேண்டாம் எண்டு எழுதுங்கோ,” என்று சொல்லிவிட்டுக் காற்று வாங்கக் கதவைத் திறந்தேன்.

கதவில் காதை வைத்திருந்த சகினே உள்ளே விழப் பார்த்தாள். பக்கத்து ஃபிளாட்காரி. அவளுடைய இடது காலடியில் ஒரு சாவி கிடந்தது.

ஒட்டுக்கேட்கிறாளே என்று எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவளுக்கோ வெட்கமே இல்லை. என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய்க் கதிரையில் இருத்தினாள்.

சகினே ஈரானில் தப்ரீஸ் நகரத்து அஸர்பைஜானி. அவர்கள் வீட்டில் பேசுவது துருக்கிக்குக் கிட்டத்தட்ட ஒரு பாஷை. பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினால் அடி விழுமாம், பாரசீகம் மட்டும்தானாம். அவள் அதைச் சொன்ன நாளில் நான் எங்கள் ஊர்ச் சிங்களம் மட்டும் சட்டத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் அரைகுறை ஆங்கிலத்தில் சிநேகிதமானது அப்படித்தான்.

மார்ச் இருபத்தொன்று அவர்களுக்கு நவ்ரூஸ், புதுவருஷம். அதற்கு முந்தின கடைசிச் செவ்வாய் பொழுதுபடும் நேரத்தில், மனதில் ஒன்றை நினைத்துக் காலடியில் சாவியை வைத்து, அயல்வீட்டுக் கதவில் காது கொடுப்பார்களாம். முதலில் காதில் விழும் பேச்சு நல்லதென்றால் நினைத்தது நடக்கும். அதனால் அன்றைக்கு எல்லா வீடுகளிலும் நல்லதையே பேசுவார்களாம். கடைசிச் செவ்வாய்க்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அதுவரை பொறுக்க முடியவில்லை என்றாள்.

அவள் நினைத்தது மகன் அயாஸை. தப்ரீஸில் படிக்கிறவன், இங்கே வர இருந்தவன். ஈரானில் புரட்சி வெடித்து, டிசம்பருக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை.

“நான் முதலில் கேட்டது வரவேண்டாம். அதற்கு என்ன அர்த்தம்?”

அந்தச் சொல் அவள் வாயில் அச்சொட்டாக வந்தது. பெற்றவளிடம் நான் என்னத்தைச் சொல்ல? அவன் வரட்டும் என்று அர்த்தம் என்றேன். அவள் அழுதுகொண்டே என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள்.

பொய் சொன்னது ஒரு நிமிஷம், பட்ட பாடு ஒரு கிழமை. உடுப்புக் கொடியடியில் என்னைக் கண்டால் வணக்கம் போல “வரவேண்டாம்” என்பாள். புதுவருஷத்துக்கென்று தட்டில் முளைக்கவிட்டுச் சிவப்பு நாடா கட்டிய கோதுமைக்குத் தண்ணீர் தெளிக்கும்போதும் அதுதான். பகலெல்லாம் சுவருக்கு அப்பால் மகனின் படத்தோடு பேசுவாள். “வரவேண்டாம், அயாஸ் ஜான், வரவேண்டாம்.” ஜான் என்றால் உயிரே என்று அர்த்தம். வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுக்கிற நான் கொலரைத் தலைகீழாகத் தைத்தேன், பிரித்தேன், மறுபடியும் தலைகீழாகத் தைத்தேன். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் என் வாய்தான் காரணம் என்று பயந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல மூன்று தரம் அவள் கதவைத் தட்டினேன். மூன்று தரமும் உப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இவரோ காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போகிறவர், இதொன்றும் அறியார்.

கடைசிச் செவ்வாயும் வந்தது. மாலை ஆறு மணிக்கு இவர் தேத்தண்ணியோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சீமெந்தில் சாவி வைக்கிற சத்தம் கேட்டது. அதே நேரம் பார்த்து இவர் பேப்பரை மடித்துவிட்டு வாயைத் திறந்தார். இந்த மனுஷன் என்னத்தைச் சொல்லித் தொலைப்பாரோ என்று நான் முந்திக்கொண்டேன். வரட்டும் என்று சொல்ல வேண்டும், அது நிச்சயம். ஆனால் யார் வரட்டும்? எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

“வரட்டும்,” என்று கதவுக்குக் கேட்கச் சொன்னேன். “சிறிதரன் வரட்டும். எங்கட பிள்ளையெல்லோ.”

இவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உண்மையாவோ, நாகேஸ்?”

இது உங்களுக்கில்லை, கதவுக்கு என்று சொல்ல நாக்குத் துடித்தது. எப்படிச் சொல்வது? கதவுக்கு அப்பால் அவள் நிற்கிறாள். இப்பால் இவருடைய முகம். ஒரு மாதமாக அந்த ஃபோமைத் தொடாமல் சுற்றிச் சுற்றி நடந்த மனுஷன். தம்பி என்ற சொல்லையே எனக்குப் பயந்து விழுங்கினவர். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

“ஓம்,” என்றேன்.

நான் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் போல, பேனையைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் விடிய வேலைக்குப் போகும்போதே ஃபோமைத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அன்று நவ்ரூஸ். கொழுக்கட்டை மாதிரி ஓரம் மடித்த இனிப்புகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு சகினே வந்தாள். நேற்றுக் கேட்ட சொல் வேறாக இருந்ததே, வரட்டும் என்றால் என்ன என்று கேட்டாள். அதுவும் அதே அர்த்தம்தான், ஆனால் இனி இதையே சொல்லு என்றேன். அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அயாஸின் கடிதம் அன்றும் வரவில்லை. நான் தையல் அளவு நாடாவை எடுத்து, சிறிதரனுக்கு மெத்தை போட ஹோலை அளந்தேன். சோபாவைத் தள்ளினால் ஆறடி வரும். கோப்பையை அவன்தான் கழுவ வேண்டும், அதில் மாற்றமில்லை. சுவருக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. “வரட்டும், அயாஸ் ஜான்.”

“வரட்டும்,” என்று நானும் சொன்னேன். அப்போது கதவில் ஒருவரும் நிற்கவில்லை.