மூன்றாவது மாடி ஜன்னல்

படத்தில் இருந்தது மணிக்கூண்டின் பாதிதான். மீதியை ஜன்னல் சட்டம் மறைத்திருந்தது. அவருக்கு அதுவே ஜாஸ்தி. முப்பது வருஷம் பழைய கட்டடங்களை அளந்து படம் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு, யாரோ எங்கோ ஊர் சுற்றப் போய் எடுத்த படத்தைக் கைப்பேசிக் குழுவில் போட்டால், அது எந்த ஊர்க் கட்டடம் என்று சொல்வதே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது. குழுவில் அவருக்குக் 'கழுகு ஐயா' என்று பெயர். மற்ற முந்நூறு பேரும் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் விடையைப் போட்டுவிடுவார். அந்தப் பெருமையில் மனிதருக்குத் தலைகால் புரியாது.

அன்று காலை, புதிதாகச் சேர்ந்த ஏதோ ஒரு நம்பர் கேட்டிருந்தது: இது எங்கே என்று யாராவது சொல்ல முடியுமா? படத்தில் கடிகாரம் நாலு இருபதில் நின்றிருந்தது. அது நின்று இருபது வருஷம். அதைப் பழுதுபார்க்கப் போய்க் கைவிட்டவர்களில் அவரும் ஒருவர். ஊரைச் சொன்னதோடு விட்டாரா? வளைவு தெரியும் கோணத்தைக் கணக்குப் போட்டு, கிழக்கே பழைய அச்சகத்தின் மூன்றாவது மாடியிலிருந்து எடுத்தது என்றும் எழுதிவைத்தார். பாராட்டுகள் குவிந்தன.

"இங்க வந்து பாரேன்," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் மணிக்கூண்டைப் பார்க்கவே இல்லை. ஓரத்துக் கொடியில் காய்ந்த துணியைத்தான் பெரிதாக்கினாள்.

"இது நான் பின்னுன ஸ்வெட்டருங்க."

"அந்த மாதிரி ஆயிரம் இருக்கும்."

"கடைசிப் பொத்தான் மட்டும் பச்சை. நீலம் கிடைக்கலன்னு நான்தான் தச்சேன்."

மகள் புருஷன் வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம். போகும்போது கையில் மாவுக்கட்டு. எங்கே இருக்கிறாள் என்று பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. "அப்பா வாயில எதுவும் நிக்காதும்மா," என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், நம்பரை மறைத்துக்கொண்டு அவளே கூப்பிடுவாள். இன்று புதன்.

"யாரோ சினேகிதிக்கு ஆசையா அனுப்பியிருக்கா," என்றாள் மனைவி. "அது அவன் கைக்குப் போயிருக்கு."

அவர் பதிலை அழிக்கப் போனார். அதற்குக் கீழே ஏற்கெனவே ஒரு வரி வந்திருந்தது. 'ரொம்ப நன்றி மாமா.' குழுவில் யாரும் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. அடுத்த வரி, அந்த நம்பர் குழுவை விட்டு வெளியேறியதைச் சொன்னது. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது: மாமாகிட்ட ஒரு செங்கல்லைக் காட்டினா போதும், ஊரையே சொல்லிடுவாரு. அன்றைக்கு அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

அந்த ஊர்க் காவல் நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார்.

"என்ன நடந்துச்சு?"

"இன்னும் ஒண்ணும் நடக்கல சார்."

"நடந்தா கூப்பிடுங்க."

மனைவி செருப்பை மாட்டியிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"பஸ்ல எவ்வளவு நேரம்?"

"ஆறு மணி நேரம்."

"அவன் கார்ல போனா?"

தெரிந்த விடையை வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் கைப்பேசி அவளிடமே இருந்தது. திரை அணைந்துவிடாதபடி, வழியெல்லாம் அவள் கட்டைவிரல் அந்தப் பச்சைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டே இருந்தது.