பெரும்பான்மைத் தேற்றம்

எந்திரம் யோசிக்கிறது என்று நிரூபிப்பதற்காக எங்கள் கம்பெனி நாற்பது பேரை வேலைக்கு வைத்திருந்தது. அந்த நாற்பது பேரில் ஒருவரைத் தவிர யாரும் யோசிப்பதில்லை. யோசிக்காதவர்களில் நானும் சேர்த்தி.

வேலை இதுதான். எந்திரம் ஒரு கணக்கைப் போட்டு, எப்படிப் போட்டது என்று படிப்படியாக எழுதும். படி சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு அழுத்த வேண்டும். சரியான விடையைத் திரையின் அடியில் அவர்களே கொடுத்துவிடுவார்கள். ஒரே கணக்கு மூன்று பேருக்குப் போகும். இருவர் சொல்வது எதுவோ அதுதான் உண்மை. மாறிச் சொன்னவருக்கு மதிப்பெண் குறையும். மாதக் கடைசியில் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் போகலாம்.

இரண்டே வாரத்தில் எல்லோரும் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அடியில் இருக்கும் விடையும் எந்திரத்தின் கடைசி வரியும் ஒத்துப்போனால், நடுவில் என்ன எழவு இருந்தாலும் அத்தனைக்கும் பச்சை. பத்து நிமிட வேலை அரை நிமிடத்தில் முடியும். மிச்ச நேரம் செல்போன்.

டீச்சர் மட்டும் படித்தார். இருபத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தை மூடியதும் இங்கே வந்தவர். வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான். அந்த மாதம் அவருடைய மதிப்பெண் எழுபத்தொன்று.

காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். சீனியர் என்பதால் என்னையும். உள்ளே மேற்பார்வையாளன் இருந்தான். வாயைத் திறந்தால் சதவீதம்தான் வரும் என்பதால் அவனுக்குப் பெர்சென்ட் என்று பெயர். பக்கத்தில் கம்பெனியின் ஆலோசகர், பேராசிரியர். மூன்று வருடம் நான் ஆராய்ச்சி செய்தது இவரிடம்தான்.

இந்த மூன்று பேர் ஏற்பாடே அவருடைய மூளை. அடிப்படை ஒரு பழைய தேற்றம். ஒவ்வொருவரும் தப்பாகச் சொல்வதைவிடச் சரியாகச் சொல்லக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு இருந்தால் போதும். ஆள் கூடக்கூடப் பெரும்பான்மை உண்மையை நெருங்கும். ஒரே நிபந்தனை, அவரவர் தனித்தனியாக முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். “அதையெல்லாம் கிளறாதே. தனித்தனி என்று கொள்வோம்னு ஒரு வரி எழுதிட்டு மேலே போ” என்றார். நான் எழுதவில்லை. படிப்பு அத்தோடு போயிற்று.

பெர்சென்ட் ஒரு தாளை நீட்டினான். “டீச்சர், இதுல ரெண்டு பேர் பச்சை, நீங்க மட்டும் சிவப்பு. ஏன் இப்படிப் பண்றீங்க?”

தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஆறால் வகுபடும் எண்ணெல்லாம் மூன்றால் வகுபடும். 7314 மூன்றால் வகுபடும். ஆகவே 7314 ஆறால் வகுபடும்.

“சார், ஒன்பதும் மூணால வகுபடுது. அது ஆறால வகுபடுமா?” என்றார் டீச்சர். “இரட்டைப்படைன்னு ஒரு வார்த்தை இதுல எங்கயாவது இருக்கா?”

“7314 ஆறால வகுபடுதா இல்லையாம்மா?” என்றார் பேராசிரியர்.

“வகுபடுது.”

“அப்புறம் என்ன?”

தர்க்கத்துக்குப் பொன்னாடை வாங்கிய மனிதர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்கக் கூசும் கேள்வி.

“அந்த ரெண்டு பேரையும் கூப்பிடுங்க, நான் கேக்கறேன்” என்றார் டீச்சர்.

“நம்பர் பதினாலு, நம்பர் முப்பத்தொண்ணு. ஆள் யாருன்னு சொல்லக்கூடாது, ரூல்” என்றான் பெர்சென்ட்.

“பதினாலு நான்தான்” என்றேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வேலை போகப்போகிறதென்று ஒரு மாதமாக எனக்குத் தெரியும். அவர் கொண்டுவரும் டீயில் பாதியைக் குடித்துக்கொண்டே பச்சை அழுத்தியிருக்கிறேன்.

“எதை வெச்சுப் பச்சை போட்ட?” என்றார் பேராசிரியர்.

“படிக்கல சார். விடையைப் பார்த்தேன், போட்டேன். எல்லாரும் அப்படித்தான். மூணு பேர் முடிவே இல்ல இது. ஒரே விடையை மூணு தடவை காப்பி அடிக்கறோம். உங்க தேற்றம் இங்க செல்லாது.”

அவர் முகத்தில் சுருக்கம்கூட விழவில்லை. “படிக்காமலேயே சரியாச் சொல்லியிருக்கேன்னா, அதுக்குப் பேர் உள்ளுணர்வுப்பா.”

பெர்சென்ட் அதற்குள் கணினியைத் தட்டிவிட்டான். “பதினாலை எடுத்துட்டா டீச்சருக்கு எழுபத்தெட்டு வருது. இன்னும் ரெண்டு மூணு பேர் ஒத்துக்கிட்டா தொண்ணூறு தாண்டிடும். ஒத்துக்கணும், அவ்வளவுதான்.”

டீச்சர் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே முப்பத்தெட்டு பேரும் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“விடையைப் பார்த்துட்டுப் பச்சை போட்டவங்க கை தூக்குங்கப்பா” என்றார், வகுப்பில் கேட்கிற குரலில். “தப்புன்னு சொல்லல. என் வேலை அதுலதான் நிக்குது.”

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து ஆளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு கை தோள் வரைக்கும் வந்தது. சுற்றிலும் எதுவும் எழவில்லை என்று கண்டதும் பிடரியைச் சொறிந்துவிட்டு இறங்கியது. ஒருத்தி செருப்பின் வாரை இழுத்துவிட்டாள். இந்தத் தலையாட்டிக் கூட்டத்தை வைத்துத்தான் எந்திரத்துக்கு அறிவு அளக்கிறார்கள்.

“போதும்மா, உள்ளே வாங்க” என்றார் பேராசிரியர். பெர்சென்ட் பக்கம் திரும்பினார். “முப்பத்தெட்டு பேர். ஒருத்தர்கூட இல்லை. தனித்தனியாத்தான் முடிவெடுக்கறாங்கன்னு இதைவிட என்ன சாட்சி வேணும்?”

சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “வரேன் சார்” என்று போனார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

நானும் அட்டையைக் கழற்றினேன்.

“மாட்டிக்கய்யா” என்றான் பெர்சென்ட். “உன்னோடது தொண்ணூற்றெட்டு. இந்த ஃப்ளோர்லயே நீதான் டாப். நீ சொன்னதை நான் கேக்கல, சார் கேக்கல. நாளைல இருந்து டீச்சர் சீட்ல உக்காந்துக்க, அங்க ஏசி நல்லா வரும்.”

நல்லாத்தான் வருகிறது.