சோனியா சிஸ்டர் டியூட்டியில் இருக்கிறார்

சோனியா அயர்லாந்துக்கு விமானம் ஏறி மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் டியூட்டி பட்டியலில் மட்டும் அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

2002-இல் எங்கள் வார்டிலிருந்து மட்டும் ஆறு நர்ஸுகள் வெளிநாடு போனார்கள். பதிலுக்கு ஒருத்தியும் வரவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் பெயரைத்தான் எண்ணுவார்கள், ஆளை அல்ல. அதனால் போனவர்களின் பெயரை அடிக்காமல் விட்டு, அவர்கள் கட்டில்களையும் நானே பார்த்து, அவர்கள் கையெழுத்தையும் நானே போட்டேன். சோனியாவின் கையெழுத்து அவளைவிட எனக்கு அழகாக வரும். அதில் ஒரு வெட்கங்கெட்ட பெருமை வேறு.

சோனியாவின் ஏழாம் கட்டிலில் சந்திரம்மா இருந்தாள். ஸ்ரீராம்புரத்தில் பூ விற்பவள். வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். இரண்டு மணிக்கு நாடி பார்க்க நேரம் கிடைக்காதென்று தெரிந்து, காலையிலேயே எழுதி வைத்துவிட்டேன்: ‘2 மணி. நாடி சீர். சோனியா.’ மூன்றரைக்குப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

மறுநாள் அவள் மகள் படிக்கட்டில் நின்றாள். “எங்கம்மாவ கடைசியா பார்த்தது சோனியா சிஸ்டராமே? அம்மா எதுனா சொன்னாங்களான்னு கேக்கணும்.”

“டியூட்டி முடிஞ்சு போயிட்டாங்க” என்றேன்.

அவள் தினமும் வந்தாள். ஏழாம் கட்டிலின் திரைக்குப் பின்னால் யாரோ மெதுவாக நாடி எண்ணுவது எனக்குக் கேட்க ஆரம்பித்தது. திரையை விலக்கினால் யாரும் இருக்கமாட்டார்கள். பயந்து செத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அனுபவச் சான்றிதழ் போகும், என் அயர்லாந்து விசாவும் போகும்.

என் கடைசி நாளில் சான்றிதழை வாங்கிக்கொண்டு, வார்டு பொறுப்பாளர் லட்சுமம்மாவிடம் கேட்டேன். “சிஸ்டர், என் பேரை அடிச்சிடுங்க.”

“அடிச்சா வார்டையே மூடிடுவாங்க பிலோமினா. இருக்கிற பேஷன்ட் எல்லாம் எங்க போவாங்க, நீயே ஹேளு?” என்று கன்னடத்தில் ‘சொல்லு’ என்றார்.

மேஜையில் பயிற்சிக்கு வந்த பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாம் கட்டிலின் ஷீட். ‘2 மணி. நாடி சீர். பிலோமினா.’ சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

ஷீட்டைப் பிடுங்கிக் கிழித்தேன். நேராகப் படிக்கட்டுக்குப் போனேன். சந்திரம்மாவின் மகள் எழுந்து நின்றாள்.

“சோனியா சிஸ்டர் வந்துட்டாங்களா?”

“சோனியா இந்த ஊர்லயே இல்லம்மா. அவ பேர்ல எழுதினது நான். அன்னைக்கு உங்கம்மாவ யாருமே பாக்கல.”