இரவு விடுதிக்கு வந்த மரியாதை

முப்பது வருடமாக நகராட்சிக்கு ஆட்டமும் பாட்டுமான அக்காவின் இரவு விடுதி கண்ணில் விழுந்த தூசி. ஒருமுறை சத்தம் என்று பூட்டுப் போட்டார்கள், இன்னொருமுறை ஒழுக்கக்கேடு என்று. வெளியூர்க்காரர்கள் ஊருக்குள் இறங்கியதும் அந்த விடுதிக்குத்தான் வழி கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் மேயருக்கு ஞானம் பிறந்தது. விடுதியைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்.

விழா காலையில். வெயில் வெளிச்சத்தில் அக்காவே அன்றுதான் தன் விடுதியை முழுசாகப் பார்த்தாள். கம்பளத்தில் இத்தனை கறையா!

"இது நம்ம ஊரோட இதயத் துடிப்பு!" என்றார் மேயர். போன வருடம் அந்தத் துடிப்பை நிறுத்தக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். கைதட்டல் காதைப் பிளந்தது.

முன்வரிசையில் நாத்தனார். "அண்ணி என்னமோ ஹோட்டல் வச்சிருக்காங்க" என்று இத்தனை காலம் மென்று விழுங்கியவள், நிருபரிடம், "எங்க குடும்பமே இதுக்காக உழைச்சுதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் பாரம்பரியத் துறை அதிகாரி அக்காவை ஓரமாக அழைத்தார்.

"இனிமே பாட்டு வேண்டாம்மா. அதிர்வுல சுவர் விரிசல் விட்டுடும்."

"ஆட்டம்?"

"தரை ரொம்பப் பழசு. எத்தனை பேர் ஆடின தரை! பாதுகாக்க வேண்டாமா?"

"அப்புறம் எதுக்கு சார் இது சின்னம்?"

"இங்க ஆடினாங்கல்ல, அதுக்குத்தான்."

அக்கா மூலையிலிருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். போலீசோடு மல்லுக்கட்டிப் பழக்கம் உண்டு. மரியாதையோடு எப்படி மல்லுக்கட்டுவது?

"இந்த ஸ்பீக்கரெல்லாம்கூடப் பாரம்பரியமா சார்?"

"சேச்சே, அதெல்லாம் புதுசு. எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனாள். பின்தெருவில் காலியாகக் கிடந்த டயர் கிடங்கில் விளக்கு மாட்டினாள். ஒரே வாரத்தில் ஊரே அங்கே ஆடியது. மேயரின் மருமகன்தான் முதல் ஆளாக இடம் சொல்லிவைத்தான்.

பழைய விடுதி இப்போது பகலில் மட்டும் திறந்திருக்கிறது. சுற்றிக்காட்டும் பொறுப்பு நாத்தனாருக்கு. ஒருநாள் மத்தியானம் அக்கா சும்மா எட்டிப் பார்த்தாள். பயணி ஒருவர் எதையோ முணுமுணுத்தபடி காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

"தட்டாதீங்க சார்," என்று அதட்டினாள் நாத்தனார். "இது டான்ஸ் ஆடுற இடம்!"