இரைச்சல் என்று குறிக்கப்பட்ட கை

1

இந்தக் கதை எனக்கு இரண்டு வரிப் பேச்சாகத்தான் வந்தது. ஒரு புதன்கிழமை, மருத்துவமனை வரிசையில், என் முதுகுக்குப் பின்னால்:

"என்னை இரைச்சல்னா எழுதி வச்சிருக்கே?"

"உங்களை இல்ல அண்ணி. உங்க கையை."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் தெரிந்துவிட்டால் எனக்குக் குரல் நின்றுபோகும். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

கலன்காரி ஒருத்தி இருந்தா— (அடித்துவிட்டேன். அண்ணி என்றே இருக்கட்டும்.)

அண்ணி பார்த்துக்கொள்வது ஆளுயர எஃகுக் கலன். உள்ளே நுண்ணுயிர்கள் கழிவு எண்ணெயைத் தின்று, மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக்கைத் தங்கள் உடம்புக்குள் சேர்த்துவைக்கின்றன. அதே கலனுக்குக் கணினித் திரையில் ஓர் இரட்டை உண்டு. அடுத்த மூன்று நாள் உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே வரைந்து காட்டும். அதைப் பழக்கியவள் அவளுடைய நாத்தனார்.

தினமும் நான்கு மணிக்கு அண்ணி கலனில் மாதிரி எடுக்கும் குழாயைத் திறந்து மோந்து பார்ப்பாள். கலனின் அழுத்தம் இம்மியளவு இறங்கும். இரட்டை அதையும் கற்றுக்கொண்டது. தேவையில்லாத அசைவு என்று கணக்கில் தள்ளி, "4:00 – இரைச்சல்" எனப் பட்டியலிட்டது.

செவ்வாயன்று, இரட்டை வரைந்த அடுத்த மூன்று நாளைப் பார்த்து நாத்தனார் சிரித்தாள்.

"வர்ற வியாழக்கிழமையிலேர்ந்து உங்களைக் காணோமே அண்ணி! லீவா? சொல்லவே இல்ல?"

"நான் எங்கடி போகப்போறேன்." வலது கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "உன் மிஷினுக்கு ஜோசியமும் வருமா?"

"வெறும் கணக்கு. நீங்க குழாயைத் தொறந்து வச்சிருக்கற நேரம் கொறஞ்சுக்கிட்டே வருது. இருபது நொடி, பன்னெண்டு, அஞ்சு…" சிரிப்பு நின்றது. "கையைக் காட்டுங்க."

3

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: ஆறு மாதமாக அந்தக் கையில் பிடி தளர்ந்துகொண்டே வருகிறது. தெரிந்தால் வேலை போகும் என்று அவள் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. ஒரு பெண் இருப்பதே தெரியாத இரட்டைக்கு அவள் கை தெரிந்திருந்தது.)

4

வியாழன், நான்கு மணி.

"நீ திரையைப் பாரு. நான் தொறக்கறேன்."

நாத்தனார் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அழுத்தம் எறங்கிடுச்சு! இருபது நொடி, பழையபடி! பாத்தீங்களா, உங்க கை—"

சொல்லிக்கொண்டே நாத்தனார் திரும்பினாள். குழாய்க்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள் அண்ணி. கை இன்னும் பைக்குள்.

"நான் தொடவே இல்லடி."

நாத்தனார் பட்டியலைப் பார்த்தாள். இரைச்சல் என்ற சொல்லே அங்கே இல்லை. நான்கு மணிக்கு நேராக, "இயல்பு."

5

[குழாய் கசிந்தது என்று எழுதினேன். தரை காய்ந்திருந்தது. அடித்தேன்.]

[அண்ணி பொய் சொல்கிறாள் என்று எழுதினேன். வேலை தப்பித்த இடத்தில் எவளாவது அப்படிப் பொய் சொல்வாளா? அடித்தேன்.]

[உள்ளேயிருந்து அவளைத்தான் எதுவோ மோந்து—]

அண்ணி இப்போது பையிலிருந்து கையை எடுத்துக் குழாயை நோக்கி நீட்டுகிறாள். நாத்தனார் வாய் திறக்கிறாள். "வேண்டாம் அண்ணி", "தொறங்க அண்ணி": இரண்டும் எனக்கு ஒரே நேரத்தில் கேட்கின்றன.

ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அந்தக் கை அதிக நேரம் அப்படி நிற்காது.